சர்வர் எழுவதற்கு முன்

தவமணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரின் பொத்தானைக் கால் பெருவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று சில வருடங்களாகவே அப்படித்தான் அழுத்துவாள். செருப்பைச் சுவரோரம் கழற்றி வைத்துவிட்டு, சேலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறெங்கோ திருப்பியபடி, காலால் மட்டும் துழாவிப் பொத்தானைக் கண்டுபிடிப்பாள். அன்றைக்கும் கண்டுபிடித்தாள். உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டதும் என்னைப் பார்த்து, "போறப்பக் கதவைச் சாத்திட்டுப் போங்க, பட்டுக்கூட்டு வாசம் குப்புன்னு வருது" என்றாள். நான் சாத்திவிட்டு, சந்தைக் கொட்டகைக் கடைசியில் எடை தப்பாகக் காட்டிக்கொண்டிருந்த தராசைப் பார்க்கப் போனேன்.

அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று யாரோ ஓடிவந்து சொல்லி நான் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் எழுந்து திரை வெளிச்சமாக நின்றிருந்தது. சர்வர் எழவில்லை. அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள், கை மட்டும் மவுசை நோக்கி நீண்டிருந்தது.

கம்ப்யூட்டர் எழுவதற்கும் சர்வர் எழுவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தது. கரட்டுப்புதூர் பட்டுக்கூட்டுச் சந்தையை விவசாயிகள் சங்கம் நடத்தியது. புழு வளர்க்கிறவர்கள் கூடுகளை மூட்டையில் கட்டிக் காலையில் பஸ்ஸிலும் மினி லாரியிலும் கொண்டுவருவார்கள், தட்டுகளில் கொட்டினால் காய்ந்த மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், ஒவ்வொரு வெள்ளைக் கூட்டுக்குள்ளும் ஒரு புழு உயிரோடு தூங்கிக்கொண்டிருக்கும், அது பூச்சியாகிக் கூட்டை ஓட்டை போடுவதற்குள் எடை போட்டு, ஏலம் விட்டு, நூல் எடுக்கிறவர்கள் கைக்குப் போய்விட வேண்டும். யாருடைய கூடு, எந்தத் தட்டு, என்ன எடை, யார் எடுத்தார் என்பதெல்லாம் தவமணியின் கம்ப்யூட்டருக்குள் ஒரு டேட்டாபேஸில் இருந்தது. கம்ப்யூட்டர் எழுந்தால் மட்டும் போதாது. அதன் பிறகு ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து, டேட்டாபேஸ் சர்வரைக் கையால் எழுப்பிவிட வேண்டும். அதுவரைக்கும் தராசு, டோக்கன் மெஷின், ஏலப் பலகை எல்லாம் இணைப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டு நிற்கும். அதைத் தானாகவே எழும்படி வைத்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் கொடுத்த ஆள் ஆரம்பத்திலேயே சொன்னார். தவமணிதான் வேண்டாம் என்றாள். எங்கள் ஊரில் கரண்டு வந்து வந்து போகும். கரண்டு வந்த வேகத்தில் சர்வர் தானாக எழுந்து, எழுந்த வேகத்தில் மறுபடி கரண்டு போனால், எழுதிக்கொண்டிருந்த கணக்கு பாதியில் கிழிந்துவிடும். "எந்திரிச்சதும் வேலைக்கு ஓடக் கூடாதுங்க. மூஞ்சி கழுவ சித்த நேரம் குடுக்கோணும்" என்பாள். அந்தச் சித்த நேரத்தில்தான் டீ குடிப்பாள், மேஜையைத் துடைப்பாள், கரண்டு நிலைத்து நிற்குமா என்று பல்பைப் பார்ப்பாள், பிறகு எழுப்புவாள்.

அவள் போன பிறகு சந்தை காகிதத்தில் நடந்தது. எடையில் சண்டை, வரிசையில் சண்டை. கடைசியில் சந்தை மேலாளர் ஈஸ்வரமூர்த்தி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் வயர் இழுத்தது நீங்கதானுங்களே, மாமா. அதையும் ஒருக்கா எழுப்பி விட்டுட்டீங்கன்னா…" என்று இழுத்தார். நான் தராசு மெக்கானிக். படித்தவன் இல்லை. திறந்து பார்த்து, மூடிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் மிச்சம் விழுந்த ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு யோசித்து யோசித்துத் தொழில் கற்றவன். சர்வரை எழுப்புவதையும் அவள் பக்கத்தில் நின்று பார்த்ததில் தெரிந்துகொண்டிருந்தேன். போனேன். குனிந்து கையால் பொத்தானை அழுத்தினேன்.

நிமிர்ந்தபோது தவமணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கால்ல அழுத்தியிருந்தா சுலபமுங்க" என்றாள்.

"எனக்குப் பெருவிரல் அத்தனை நீளமில்ல" என்றேன்.

"கரண்டு நிக்குமா?"

"லைன்ல வேலையொண்ணும் இல்லீன்னாங்க."

அப்போது ஈஸ்வரமூர்த்தி சாவிக் கொத்தோடு உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார். வாசலில் ஒரு நொடி நின்றார், பிறகு எப்போதும் வைக்கிற இடத்தில், மேஜையின் இடது மூலையில், சாவியை வைத்துவிட்டு, "வந்துட்டீங்களாம்மா" என்றார். "வந்துட்டனுங்க" என்றாள் அவள். வெளியே மூட்டைக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கை மவுசின்மேல் இருந்தது, ஆனால் மவுசு நகரவில்லை. கையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள், மறுபடியும் நகரவில்லை. "நீங்களே எழுப்பிருங்க" என்றாள். நான் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி எழுப்பினேன். திரையின் மூலையில் பச்சைப் புள்ளி வந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கம்ப்யூட்டர் எழும்போது அவள் இருப்பாள், சர்வர் எழும்போது இருக்க மாட்டாள்.

சந்தைக்காரர்கள் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அல்லது, எடுத்துக்கொண்டார்கள், ஆனால் புதிதாக வந்த தராசை எடுத்துக்கொள்வது மாதிரி, முதலில் தட்டிப் பார்த்து, பிறகு சந்தேகப்பட்டு, பிறகு அதில்லாமல் முடியாது என்று ஆகிப்போனார்கள். முதலில் வந்தவர் கவுஸ் பாய். எங்கள் சந்தையில் கூடு எடுக்கிறவர்களில் மூத்தவர், ஏலத்துக்கு வருகிற லாட்டில் பாதி அவர் கைக்குத்தான் போகும். வாசலில் நின்று, "சலாம் அக்கா, நேத்து என்னோட லாட்டுல ஈரக்கூட்டைக் கலந்துட்டானுங்க, நீங்க இருந்திருந்தா நடக்குமா?" என்று பழைய மாதிரியே சண்டையை ஆரம்பித்தார். "நான் இருந்தப்பவும் இதேதான் சொன்னீங்க பாய்" என்றாள் தவமணி. பாய் சிரித்துக்கொண்டே வெளியே போய், கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏலத்துக்குப் போனார்.

டீக்கடையிலிருந்து அவளுக்கு ஒரு கிளாஸ் வருவது வழக்கம். அது மறுபடி வர ஆரம்பித்தது. அவள் குடிக்க மாட்டாள், ஆவி அடங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள், அதன் பிறகு ஈஸ்வரமூர்த்தி குடிப்பார். அவளுக்கு வருகை போடுவதா வேண்டாமா என்று சங்கத்தில் ஒரு மதியம் முழுக்கப் பேசினார்கள். வந்தவருக்கு வருகை போடாமல் இருப்பது எப்படி என்று ஒரு கட்சி, வேலை செய்யாதவருக்கு வருகை போடுவது எப்படி என்று ஒரு கட்சி. முடிவில், தாமதமாக வருகிறவர்களுக்குப் போடுகிற மாதிரி ஒரு சாய்வுக் கோடு போட்டார்கள். அதில் எல்லோருக்கும் திருப்தி.

அவளிடம் நியாயம் கேட்க வந்தார்கள். தட்டு மாறிப்போன தகராறு, பழைய எடைத் தகராறு எல்லாம் அவள் முன்னால் வைக்கப்பட்டன. புதுப் பெண்டாட்டியைக் கூட்டிவந்து காட்டினார்கள், பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள், வாங்கப் போகிற மாட்டின் சுழியைச் சொல்லி யோசனை கேட்டார்கள். ஒருவர் மேஜைமேல் கற்பூரம் ஏற்றப் போனபோது, "வயருக்குப் பக்கத்துல நெருப்பு வெக்காதீங்க, சங்கத்துச் சாமான்" என்று அதட்டினாள். செத்துப்போன தன் மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி ஒரு அம்மா வந்தது. தவமணி அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த ரூமுக்கு அக்கட்ட எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. பொய் சொல்லட்டுமா?" என்றாள். "சொல்லு கண்ணு" என்றது அந்த அம்மா. "அப்பச் சரி, சொல்லிப் போடறேன்" என்றாள். அந்த அம்மா திருப்தியாகப் போனது.

கூட்டம் வளர்ந்தபோது வரிசை வந்தது. எங்கள் சந்தையில் வரிசை என்றால் மாற்றமில்லாத ஒரு விதி உண்டு: முதலில் இறக்கின மூட்டை முதலில் எடைக்கு, நடுவில் யாரும் புகக் கூடாது, சங்கத் தலைவரே ஆனாலும் சரி. சர்வர் எழாதபோது டோக்கன் மெஷின் ஓடாது என்பதால், பழைய அட்டைப் பெட்டியை வெட்டி டோக்கன் செய்தார்கள். ஒருவர் பேசி முடித்தால் அடுத்தவர். பேசிக்கொண்டிருப்பவர் முடிக்கும் வரைக்கும் சர்வரை எழுப்பக் கூடாது.

எனக்கும் அட்டை கொடுத்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு நான் அங்கேயே நின்று பேசியிருந்தால் முன்னால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆகவே பொத்தானை அழுத்துவேன், அவள் வருவாள், ஒரு பார்வை பார்ப்போம், நான் வெளியே போய் வரிசையின் கடைசியில் நிற்பேன். முன்னால் யார் யாரோ என் மனைவியோடு பேசுகிற சத்தம் கேட்கும். சிலநேரம் அவள் சிரிப்பது கேட்கும். கல்யாணமான புதிதில் அவள் அம்மா வீட்டில் அவளை ஊருக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டபோது, வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அப்போது கேட்ட சிரிப்பு. என் முறை வரும்போது வெயில் ஏறியிருக்கும், மூட்டைக்காரர்கள் பொறுமை இழந்திருப்பார்கள். நாள் முழுக்கச் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வராது.

"தாளிச்சா கருகிப் போகுது" என்பேன்.

"எண்ணெய் பொகையற வரைக்கும் விடாதீங்க. அடுப்பக் கொறச்சு வெய்யுங்க."

"கடுகுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதானுங்க." பிறகு என் கையைப் பார்ப்பாள். "நகத்த வெட்டக் கூடாதா?"

பின்னால் யாராவது இருமுவார்கள். நான் எழுப்பிவிடுவேன்.

வீட்டில் பேச்சு இல்லை. நான்கு சுவரும் ஒரு ரேடியோவும்தான். ரேடியோவில் பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்திருந்ததை ஒருநாள் கவனித்தேன். ஒரு சந்தை விடுமுறை நாளில் ஈஸ்வரமூர்த்தியிடம் கேட்டு, கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றி மொபெட்டில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். அவள் வழக்கமாக உட்காருகிற நாற்காலியை இழுத்துப் போட்டேன், சமையலறையைக் கழுவி வைத்தேன், சட்டைகூட மாற்றிக்கொண்டேன். பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, திரை எழுந்தது, நாற்காலி நான் போட்ட இடத்தில் இருந்தது. அவள் வரவில்லை. மத்தியானம் வரைக்கும் சர்வரை எழுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போன இடம் சந்தை, வருகிற இடமும் சந்தைதான் போலிருக்கிறது. மறுநாள் காலையில் திரும்பக் கொண்டுபோய் வைத்து அழுத்தியபோது, நாற்காலியில் இருந்தபடியே, "மெஷின்ல பருப்பு வாசம் அடிக்குது" என்றாள். நான் மெஷினைத் துணியால் துடைத்தேன்.

பக்கத்து ஊர்களுக்கு விஷயம் போனது. பிறகு பஸ்ஸில் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் தவமணியைத் தெரியாது, கூட்டைப் பற்றி அக்கறை இல்லை, வரிசையில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால் நல்லது நடக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஏலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனது. காலையில் நடந்தது மத்தியானத்துக்குப் போனது, மத்தியானத்தில் நடந்தது சாயங்காலம் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் என்று ஆனது. மூட்டைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் அவர்களும் அட்டை வாங்கியவர்கள்தான். அவர்கள் வீட்டு நியாயமும் அந்த நாற்காலி முன்னால் தீர்ந்ததுதான். யாரும் முதலில் வாயைத் திறக்கவில்லை.

முகூர்த்த மாசத்துக்கு முந்தின வாரம், ஒருநாள் ஏலமே நடக்கவில்லை. வந்த கூட்டம் அறைக்குள்ளும் வாசலிலும் அடைத்துக்கொண்டு, நாங்கள் இன்னும் பேசவில்லை, எழுப்பாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டது. இருட்டியதும் கம்ப்யூட்டரை அப்படியே அணைத்தோம். மூட்டைக்காரர்கள் கொட்டகையிலேயே தங்கினார்கள். அடுத்த நாளும் அதே கதை.

அதற்கு மறுநாள் காலை நான் கொட்டகைக்குள் நுழைந்தபோது தரை வெள்ளையாக நடுங்கிக்கொண்டிருந்தது. பூச்சிகள். பட்டுப்பூச்சிக்கு இறக்கை உண்டு, பறக்கத் தெரியாது. அது பிறந்த இடத்தில் நின்றுகொண்டு இறக்கையைப் படபடவென்று அடிக்கத்தான் தெரியும். மூட்டைமேல், தட்டின்மேல், தராசின்மேல், ஏலப் பலகையின்மேல் என்று நின்று அடித்துக்கொண்டிருந்தன. கூடுகள் எல்லாம் நுனியில் ஈரமாகி, பழுப்பாகி, ஓட்டை விழுந்து கிடந்தன. பெரும்பாலும் தெய்வாத்தாள் கொண்டுவந்த கூடுகள். அவளுடையது முன்பே முற்றின கூடு. வந்த அன்றைக்கே விற்றிருக்க வேண்டியது. தெய்வாத்தாள் மலையடிவாரத்துக்காரி, தனி ஆள், ராத்திரியும் பகலும் புழுவுக்கு மல்பெரித் தழை போட்டு ஒரு மாசம் கண்மூடாமல் வளர்த்தவள். மூட்டைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சேலைமேல் ஏறுகிற பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே விட்டுக்கொண்டிருந்தாள்.

கவுஸ் பாய் ஒரு கூட்டை எடுத்து ஓட்டை வழியாகப் பார்த்தார். "இதுல நூல் வராதுங்கம்மா" என்றார், யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"தெரியுங்க பாய். மொத மொத இப்பத்தான் பூச்சியப் பாக்கறேன்" என்றாள் தெய்வாத்தாள். "இத்தன வருசமா வளக்கறேன். கடைசி வரைக்கும் ஒருக்காகூட விட்டதில்ல."

நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். தெய்வாத்தாள் எழுந்து வந்தாள். அன்றைக்கு யாரும் அட்டை கேட்கவில்லை. புடவையில் ஒட்டியிருந்த பூச்சிகளோடு அறைக்குள் வந்து தவமணி முன்னால் நின்றாள்.

"அம்மிணி, உம்மேல எனக்குக் கோவமில்ல. என் மருமவ சண்டையத் தீத்து வெச்சவ நீதான்" என்றாள். "ஆனா இன்னொருத்திக்கு இப்பிடி ஆகக் கூடாது. என்ன சொல்றே?"

தவமணி அவள் தோளில் நடுங்கிக்கொண்டிருந்த பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எடுக்கக் கையை நீட்டினாள். கை அதன்மேல் பட்டது, பூச்சி இடத்தை விட்டு நகரவில்லை.

"நான் என்னுங்க சொல்றது?" என்றாள். "தெனமும் எழுப்பலாம்னு கைய நீட்றேன். மவுசு அசையாம நிக்குது. இவங்க எல்லாரும் வந்து வந்து பேசறாங்க, நானும் பேசறேன். ஆனா எந்நேரமும் வேலைய ஆரம்பிக்கப் போற மாதிரியே இருக்குது, ஆரம்பிக்க மாட்டீங்குது. ஒரு பஸ்ஸு ஸ்டாண்டுல உக்காந்திருக்கற மாதிரிங்க. எத்தன நாளைக்கு?"

இதை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் கொட்டகையில் கூடினார்கள். கரண்டு போனாலும் தாங்குகிற பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்கலாம், அது இருந்தால் கணக்கு கிழியாது, அதன் பிறகு கம்ப்யூட்டர் எழும்போதே சர்வரும் தானாக எழும்படி வைத்துவிடலாம், நடுவில் இடைவெளியே இருக்காது என்று ஈஸ்வரமூர்த்தி சொன்னார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். இடைவெளி இருக்காது என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப அக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"அதத்தானய்யா பேசிட்டிருக்கறோம்" என்று எரிந்து விழுந்தார் கவுஸ் பாய். "எனக்கு மட்டும் ஆசையா? வெடியால வந்ததும் சண்ட போடறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கறாங்க?"

"பேட்டரிய வாங்கலாம், வெளியூர்க்காரனத் தடுக்கலாம், அம்மிணி பாட்டுக்கு இருக்கட்டும்" என்றது பின்வரிசை.

"அவனத் தடுத்து என்ன? நம்ம ஆளுகளே நிறுத்தலியே" என்றாள் தெய்வாத்தாள்.

ஒரு மூட்டைக்குள் கூடுகள் நகர்கிற சத்தம் கேட்டது. ஈஸ்வரமூர்த்தி தொண்டையைச் செருமினார். "இது சங்கத்து விசயமில்லீங்க. ஊட்டு விசயம். மாமா சொல்லட்டும். அவரு வேண்டாமுன்னா வேண்டாம். சந்தைய வேற எடத்துக்கு மாத்திக்கலாம், இந்த ரூம அவங்களுக்கே விட்டுரலாம்."

அவர் மனதாரத்தான் சொன்னார். சந்தையை மாற்றினால், எனக்கு நாற்காலியும் அறையும் மிச்சம். வரிசை இருக்காது. காலை முழுக்கப் பேசிக்கொண்டிருக்கலாம். எப்போதும் ஆரம்பிக்கப் போகிற மாதிரியே அவள் உட்கார்ந்திருப்பாள், நான் எதிரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். ஒரு வருடமாக நான் ஆசைப்பட்டது அதுதான். அதைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பேட்டரி வாங்கிருங்க" என்றேன்.

எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியாது. கற்றுக்கொண்டேன். பேட்டரி வரும் வரைக்கும் கம்ப்யூட்டரை அவளிடம் விடாமல், போட்ட கையோடு சர்வரை எழுப்பி, மதியங்களில் போனில் தேடிப் படித்தேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள், பாதி என் கம்ப்யூட்டருக்குப் பொருந்தவில்லை, மீதியில் ஒன்று பொருந்தியது.

அன்று காலை கொட்டகை நிறைய மூட்டை வந்திருந்தது. வரிசை இல்லை. தெய்வாத்தாள் அறைக்கு வெளியே முக்காலி போட்டு, முதுகைக் கதவுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். "எத்தன நேரமானாலும் ஆகட்டும்" என்று உள்ளே பார்க்காமல் சொன்னாள். கம்ப்யூட்டரைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். தவமணி போன பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் சாத்திய கதவுக்குள் இருந்தது அதுதான் முதல் தடவை.

"பெட்டி புதுசா?" என்று பேட்டரியைக் காட்டிக் கேட்டாள்.

"ஆமா."

"நல்லதா வாங்கியிருக்கீங்க. சரி, ஆரம்பிங்க."

கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற சேவைகளின் பட்டியலைத் திறந்தேன். நீளமாக இறங்கிக்கொண்டே போனது. "எத்தன பேரு பாருங்க" என்றாள், "சத்தமில்லாம அவங்கவங்க வேலையப் பாத்துட்டு. நானிருந்த வரைக்கும் இவங்களத் தெரியாது." எங்கள் சர்வரின் பெயர் வந்தது. அதற்கு எதிரில் 'மேனுவல்' என்றிருந்தது. வலது பொத்தானை அழுத்தினேன், தப்பான ஜன்னல் திறந்தது, மூடினேன். "அவசரப்படாதீங்க" என்றாள். மறுபடி திறந்து, 'மேனுவல்' என்பதை மாற்றி 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்தேன். சின்ன வேலைதான். தராசில் ஒரு ஸ்ப்ரிங் மாற்றுவதைவிடச் சின்னது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"ஒருக்கா அணைச்சுப் போடோணும். அப்பத்தான் தெரியும்."

"சரி."

நான் அழுத்தவில்லை. வெளியே யாரும் கதவைத் தட்டவில்லை. கூடுகள் உள்ளுக்குள் முற்றிக்கொண்டிருந்தும் யாரும் தட்டவில்லை. என்னிடம் எத்தனையோ இருந்தன. ரேடியோவோடு பேசுகிறேன் என்று சொல்லலாம். கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதைச் சொல்லலாம்.

"ராத்திரி ரெண்டு தட்டு எடுத்து வெச்சர்றேன்" என்றேன். "பொறவு ஒண்ணத் திரும்ப வெக்கறேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எடுத்துட்டா, ரெண்டாவதுல பழத்த வெச்சுச் சாப்பிடுங்க" என்றாள். "நீங்க பழம் சாப்பிடறதே இல்ல."

அழுத்தினேன். திரை கறுத்தது. கறுத்த கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள், போட்டோவுக்கு உட்காருகிறவள் மாதிரி. பிறகு கண்ணாடிக்குள்ளிருந்து எழுத்துகள் வந்தன, நிறங்கள் வந்தன, படம் வந்தபோதே மூலையில் பச்சைப் புள்ளி இருந்தது. வெளியே தராசுகள் ஒவ்வொன்றாகக் கீச்சென்று எழுந்தன. யாரோ, "ஓடுதுங்க" என்று கத்தினார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் கொஞ்ச நேரம் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பினேன்.

தெய்வாத்தாள் கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, என்னை எழுப்பிக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு முதல் லாட்டை எடை போட்டது நான்.

டீக்கடையிலிருந்து சில நாள் அந்தக் கிளாஸ் வந்தது, பிறகு நின்றது. பஸ்ஸில் வந்தவர்கள் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, கொட்டகையோரம் நின்ற செடியில் மல்பெரித் தழையைக் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு திரும்பிப் போனார்கள். கவுஸ் பாய் வெகுநாள் வாசலில் நின்று சலாம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அங்கே வேலைக்கு வந்த சுகன்யா என்ற பெண் பதிலுக்குச் சலாம் சொல்ல ஆரம்பித்ததும் அவளோடு சண்டை பிடிக்கத் தொடங்கினார். ஊரில் இப்போது புதிதாக வந்தவர்களிடம் இதைச் சொன்னால், அப்படியா என்று கேட்டுக்கொண்டு, அன்றைய கூட்டு விலையைக் கேட்பார்கள்.

போன மாசம் சுகன்யா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். வேலையை விட்டுப் போன ஆபரேட்டர்களின் பெயர்களை டேட்டாபேஸிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தாள். "எல்லாம் போயிருச்சுங்க மாமா. இந்த ஒரு பேரு மட்டும் அழியவே மாட்டேங்குது. அழிக்க முடியாதுன்னு சொல்லுது" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மற்றவர்கள் ஒரு லாட்கூட எழுதாமல் போனவர்கள், ஆனால் அத்தனை வருடங்களில் எடை போட்ட ஒவ்வொரு லாட்டிலும், எழுதியவர் என்ற இடத்தில் இந்த ஆபரேட்டரின் எண் இருக்கிறது. பெயரை எடுத்தால் அந்த லாட்டுகளுக்கு எழுதியவர் இல்லாமல் போய்விடும், அதனால் டேட்டாபேஸ் அனுமதிக்காது. அவளுக்கு அதைச் சொன்னேன்.

"அப்ப விட்டுரட்டுங்களா?"

"விட்டுரு" என்றேன்.

ஆபரேட்டர் பட்டியலில் இப்போது இரண்டு பெயர் இருக்கிறது. சுகன்யா, தவமணி.